நிலையான அண்டத்துக்கு ஒரு பொன்னாடை

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் தீர்க்கப்படாத வழக்கு என்று எதுவுமே மிச்சமில்லாமல் போன ஆண்டு அது. கற்பில் சிறந்தவள் யார், கொடையில் சிறந்தவன் யார், வீட்டு நிம்மதி கெடுவது மாமியாராலா மருமகளாலா என்பதையெல்லாம் முத்தமிழ் வளர்ச்சி மன்றம் பட்டிமன்றம் வைத்தே தீர்த்துவிட்டிருந்தது. சில வழக்குகளை இரண்டு தடவை தீர்த்தார்கள். இரண்டாம் தடவை தீர்ப்பு நேர்மாறாக வந்ததைப் பற்றி எவரும் அலட்டிக்கொள்ளவில்லை. கடைசியில் மிஞ்சியது அண்டம் ஒன்றுதான். 1965 அக்டோபரில் அதற்கும் நாள் குறித்துவிட்டார்கள்.

இந்த யோசனை மன்றத்துச் செயலாளர் ஒலி முகம்மதுவுடையது. சிராங்கூன் சாலையில் அவருக்கு ஜவுளிக்கடை. எதையும் இரண்டாகக் கிழித்து, இரண்டு துண்டையும் நல்ல விலைக்குத் தள்ளிவிடும் சாமர்த்தியம் தொழிலிலேயே வந்தது. தீபாவளிக்குப் புடவை எடுக்க மனைவி பாக்கியலட்சுமியோடு கடைக்கு வந்த பரமசிவத்திடம், சும்மா இருக்க வேண்டாமே என்று அவர் ஒரு கேள்வி கேட்டுவைத்தார்.

"பல்கலைக்கழகத்துல என்னதான் சார் ஆராய்ச்சி பண்றீங்க?"

பரமசிவம் பௌதிக விரிவுரையாளர். புத்திசாலியாக இருந்திருந்தால் "ஏதோ கணக்கு" என்று சொல்லித் தப்பித்திருப்பார். ஆனால் இந்தக் கேள்வியை அவரிடம் பத்து வருடங்களாக யாரும் தமிழில் கேட்டதில்லை. பாக்கியலட்சுமி கரையைப் பிரித்துப் பார்ப்பதற்குள் அவர் அண்டத்தையே பிரித்துப் போட்டுவிட்டார். அண்டத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. அது விரிந்துகொண்டே போகிறது. விரிந்து காலியான இடத்தில் புதிதாக ஹைட்ரஜன் உண்டாகிறது. அதிலிருந்து புதிய விண்மீன் மண்டலங்கள் பிறக்கின்றன. ஆகவே எப்போது பார்த்தாலும் அண்டம் ஒரே மாதிரிதான் இருக்கும்.

"எவ்வளவு சார் உண்டாகும்?"

"ஒரு பெரிய கட்டடம் அளவு இடத்துல, நூறு வருஷத்துக்கு ஓர் அணு."

"வியாபாரம் ரொம்ப மந்தம்லா" என்றார் ஒலி முகம்மது அனுதாபத்தோடு. "இதை ஒத்துக்காதவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"இருக்காங்க. எல்லாம் ஒரே நேரத்துல, பயங்கரச் சூட்டுல வெடிச்சுப் பிறந்துச்சுங்கிற கட்சி. எங்க டிபார்ட்மெண்ட்லயே சந்திரமதின்னு ஒருத்தங்க இருக்காங்களே."

ஒலி முகம்மது அளவுகோலைக் கீழே வைத்தார். "ரெண்டு கட்சி இருக்கா? அதுவும் ஒரே ஊர்லயா? இதை ஏன் சார் இத்தனை நாளா சொல்லாம இருந்தீங்க?"

அப்படித்தான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. 'அண்டம் பிறந்ததா? என்றும் உள்ளதா?' என்று சுவரொட்டி அடித்து பஃபலோ சாலை முழுக்க ஒட்டிவிட்டார்கள். நடுவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மருதப்பன். 'சொற்கொண்டல்' என்று மன்றமே அவருக்குப் பட்டம் கொடுத்திருந்தது. எந்த வழக்கிலும் கடைசியில் "இரண்டும் இரு கண்கள்" என்று சொல்லி எழுந்துவிடுவது அவர் வழக்கம். இந்தத் தடவை அந்தப் பருப்பு வேகாது என்று ஒலி முகம்மது கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து பஸ் மாறி வருகிறவர்களை இரு கண்களைக் காட்டித் திருப்பி அனுப்பினால் அடுத்த கூட்டத்துக்கு நாற்காலிகள்தான் வரும். தீர்ப்பு ஒரு பக்கம் விழுந்தே ஆகவேண்டும்.

'பிறந்தது' அணிக்குச் சந்திரமதி தலைவி, 'என்றும் உள்ளது' அணிக்குப் பரமசிவம் தலைவர். அவருக்குத் துணையாகத் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த வேலாயுதம். சிம்மக் குரல். தயாரிப்புக்காக அவர் தலைவரிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "நம்ம பக்கம் எது சார், பொறந்துச்சா, இருந்துச்சா?" பதில் கிடைத்ததும் அவருக்குத் தயாரிப்பு முடிந்துவிட்டது.

பரமசிவத்துக்கு இது விளையாட்டில்லை. வயதான ஒரு விண்மீன் மண்டலம் மெல்லிய வாயுவுக்குள் நகர்ந்து போகிறது. ஊர்ப் பெரிய மனிதர் தெருவில் நடந்தால் பின்னால் ஆட்கள் சேர்வதுபோல, அதன் ஈர்ப்பில் வாயு அதற்குப் பின்னால் கூடுகிறது. கூடிய வாயு இறுகி ஒரு குழந்தை மண்டலமாகிறது. இப்படியே தலைமுறை தலைமுறையாக, தொடக்கமும் முடிவும் இல்லாமல் நடக்கும். இது நடக்கும் என்று காட்டத்தான் பத்து வருடங்கள், கணக்குப் பொறியின் கைப்பிடியைச் சுழற்றிச் சுழற்றி, ஆய்வேட்டை முடிக்கும் நிலைக்கு வந்திருந்தார். டிசம்பரில் லண்டனுக்கு அனுப்பவேண்டியதுதான் பாக்கி.

இடையில் தடங்கல் வராமலில்லை. இங்கிலாந்தில் வானொலி அலை வீசும் மண்டலங்களை எண்ணிப் பார்த்தவர்கள், மிகத் தொலைவில், அதாவது மிகப் பழைய காலத்தில், அவை எக்கச்சக்கமாக இருந்தன என்றார்கள். அப்படியானால் அண்டம் அன்றும் இன்றும் ஒன்றல்ல, மண்டலங்களுக்கும் இளமை முதுமை உண்டு என்று ஆகிவிடும். பரமசிவம் அசரவில்லை. தொலைவில் அதிகமில்லை, நாம் இருக்கும் இடத்தில்தான் குறைவு, நாம் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று எழுதினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அதைப் படித்துவிட்டுச் சொன்னவள் சந்திரமதி.

சந்திரமதியின் ஆராய்ச்சி வேறு. வாயு மேகம் ஒன்று எந்த நிலையில் தன் பாரத்தைத் தானே தாங்க முடியாமல் உள்ளுக்குள் சரிந்து விண்மீனாகிறது என்பது அவள் கணக்கு. நான்கு வருடங்களாக இருவரும் துறையின் காப்பி அறையில் தினமும் சண்டை போட்டார்கள். காப்பி ஆறும்வரை சண்டை, ஆறிய பிறகு மரியாதை.

பட்டிமன்றத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை அவள் ஓர் ஆய்விதழோடு அவர் மேசைக்கு வந்தாள். அந்தக் காலத்தில் அமெரிக்க இதழ்கள் கப்பலில் வந்தன. ஜூலையில் அச்சானது அக்டோபரில் கரையேறும். ஆகவே கப்பல் வரும்வரை சிங்கப்பூரில் அண்டம் நிலையாகத்தான் இருந்தது.

"சார், இதை முதல்ல படிச்சிடுங்க. ஞாயித்துக்கிழமை மேடையில நான் இதைத்தான் சொல்லப்போறேன். அங்க வச்சு உங்களுக்குத் தெரிய வரக்கூடாது."

கட்டுரை சின்னது. தொலைபேசி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் இருவர் வானலைகளை வாங்கும் ஒரு கருவியைச் சோதித்திருக்கிறார்கள். அதை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே அளவு இரைச்சல். பகலிலும் இரவிலும், எல்லாப் பருவத்திலும் அதே இரைச்சல். மிகமிகக் குளிர்ந்துபோன ஒரு வெப்பத்திலிருந்து அது வருகிறது. அண்டம் பிறந்தபோது இருந்த சூட்டின் மிச்சம் அது என்று பக்கத்திலேயே வேறொரு குழுவினர் எழுதியிருந்தார்கள். பரமசிவத்தின் அண்டத்தில் அப்படி ஒரு சூடு என்றைக்குமே இருந்ததில்லை. ஆறுவதற்கு அங்கே எதுவும் கிடையாது.

"கருவிக் கோளாறா இருக்கும்" என்றார்.

"இருக்கலாம் சார். அவங்களும் அதைத்தான் நினைச்சுத் தேடித்தேடிப் பார்த்திருக்காங்க. கிடைக்கல."

சனிக்கிழமை முழுக்க அவர் கணக்குப் பொறியை விடவில்லை. தன் மண்டலங்களையெல்லாம், கிழடு குஞ்சு விடாமல், கூட்டிப் பார்த்தார். அத்தனையும் சேர்ந்து எழுப்பும் வானொலி இரைச்சல் அந்த அளவை எட்டுமா? எட்டவில்லை. பக்கத்தில்கூட வரவில்லை. பள்ளத்தை ஆழமாக்கிப் பார்த்தார், மேடாக்கியும் பார்த்தார். எதைச் செய்தாலும் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக வர மறுத்தது. சாயங்காலம் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார். பத்து வருடங்களும் தப்பு. அவரை வேறு யாரும் தோற்கடிக்கவில்லை, சொந்தக் கணக்கே தோற்கடித்துவிட்டது.

ஒலி முகம்மதுவுக்குத் தொலைபேசி செய்தார். "என் பக்கம் தப்புன்னு தெரிஞ்சுபோச்சு. நான் பேச முடியாது."

"யார் பக்கம்தான் சார் சரி? லட்டுக்குச் சொல்லியாச்சு, மாலைக்குச் சொல்லியாச்சு. நீங்க பாட்டுக்கு வந்து பேசுங்க."

பரமசிவம் யோசித்தார். பிறகு ஒரு முடிவுக்கு வந்தார். போவது, மேடையில் எல்லார் முன்னிலும் உண்மையை ஒப்புக்கொள்வது. அறிவியல் என்றால் என்ன என்று ஜனங்கள் ஒரு நாளாவது பார்க்கட்டும். அந்த நினைப்பு அவருக்கு ஆறுதலாக இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. தான் தோற்பதைப் பார்த்து ஊர் தன்னை மதிக்கும் என்று நம்பினார். ஊரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் எள் போட்டால் எள் விழாது. தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, வாழ்த்துரை, வாழ்த்தியவர்களுக்கு வாழ்த்துரை எல்லாம் முடிந்து அண்டத்துக்கு முறை வந்தது. சீட்டுக் குலுக்கியதில் சந்திரமதி முதலில், பரமசிவம் கடைசியில்.

சந்திரமதி அலங்காரம் இல்லாமல் பேசினாள். வானொலியில் நிலையம் எதுவும் அகப்படாதபோது கேட்கிற கரகரப்பில் ஆரம்பித்தாள். முதலில் கூட்டம் இரங்கல் கூட்டத்தில் உட்கார்ந்த மாதிரி பவ்வியமாக உட்கார்ந்திருந்தது. பிறகு மெல்ல எதுவோ மாறியது. பின்வரிசையில் முறுக்குக் கடிப்பது நின்றது.

"பிறந்தபோது தகித்த அந்தச் சூட்டின் மிச்சம் வானத்தில் மட்டும் இல்லை. இந்த நிமிடம் இந்த மண்டபத்துக்குள்ளும் இருக்கிறது. உங்கள் கைகளின்மீது பட்டுக்கொண்டிருக்கிறது" என்றாள்.

முன்வரிசையில் பாக்கியலட்சுமியோடு உட்கார்ந்திருந்த முத்தாயி அம்மாள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்களும் திருப்பிப் பார்த்தார்கள். கைதட்டல் பலமாகவே வந்தது. மேடையில் உட்கார்ந்திருந்த பரமசிவமும் தட்டினார். எதிரணிக்கு அவர் தட்டியதைக் கண்டு கூட்டம் குஷியாகி இன்னும் தட்டியது.

அடுத்து வேலாயுதம் எழுந்தார். "நடுவர் அவர்களே! எதிரணித் தலைவி சாட்சி கொண்டுவந்திருக்கிறார். யார் அந்தச் சாட்சி? இரைச்சல்! இரைச்சல்தான் சாட்சி என்றால் என் வீட்டில் ஆறு சாட்சிகள் இருக்கிறார்கள். கடைசிச் சாட்சிக்கு இன்னும் பல்கூட முளைக்கவில்லை!"

மண்டபம் அதிர்ந்தது. பூத்தூவல் மட்டும்தான் பாக்கி. ஆனால் சந்திரமதியின் அணியில் ருக்கையா டீச்சர் இருந்தார். "இரண்டு மாதத்துக்கு முன்னால் மலேசியாவிலிருந்து பிரிந்து நம் நாட்டுக்கே ஒரு பிறந்த நாள் கிடைத்தது. தீவுக்கே பிறந்த நாள் உண்டு என்றால் அண்டத்துக்கு இருக்காதா?" என்று அவர் கேட்டபோது எழுந்த கைதட்டல் வேலாயுதத்தின் ஆறு பிள்ளைகளையும் அமுக்கிவிட்டது. தர்க்கம் நொண்டிதான். ஆனாலும் தராசு அவர்கள் பக்கம் நன்றாகத் தாழ்ந்துவிட்டது. மருதப்பன் தன் தாளில் எதையோ குறித்துக்கொண்டு தலையாட்டியதை எல்லாரும் பார்த்தார்கள்.

பரமசிவம் ஒலிவாங்கி முன் வந்து நின்றார்.

"நடுவர் அவர்களே, எங்கள் அணி தோற்றுவிட்டது."

உடனே எங்கிருந்தோ ஒரு விசில்.

"இது அடக்கத்துக்காகச் சொல்வதல்ல. சகோதரி சந்திரமதி சொன்னதுதான் உண்மை. அண்டம் என்றும் இருந்தது என்று பத்து ஆண்டுகள் நான் போட்ட கணக்கு தவறு. நேற்று நானே போட்டுப் பார்த்தேன். அண்டத்துக்குப் பிறந்த நாள் உண்டு."

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. "என்னமா பொடி வச்சுப் பேசுறாரு பாரு" என்றார் ஒருவர். "இருங்க, இப்ப கவுத்துவாரு" என்றார் இன்னொருவர். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. அந்த மேடையில் இதுவரை எவனும் தன் கட்சியை விட்டுக்கொடுத்ததாகச் சரித்திரம் கிடையாது. 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஆரம்பித்தால் அடுத்த வாக்கியத்தில் எதிரியின் காலை வாரப் போகிறான் என்று பொருள். புகழ்வதுபோல் இகழ்வதும் இகழ்வதுபோல் புகழ்வதும் பள்ளிக்கூடத்திலேயே அவர்களுக்குப் பழக்கமாகியிருந்தன. சொன்னதையே சொல்ல நினைத்து ஒருவன் மேடை ஏறுவான் என்று அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை.

பரமசிவம் தன் அண்டத்தில் ஏன் அந்தச் சூடு இருக்க முடியாது என்று விளக்கினார். பத்து ஆண்டுகள் என்று இரண்டாவது தடவை சொன்னபோது அவருக்குக் குரல் உடைந்தது. பெண்கள் பக்கத்தில் சிலர் முந்தானையை எடுத்தார்கள். அவர் கைகூப்பிக் கெஞ்சினார்.

"தயவுசெய்து கைதட்டாதீர்கள். நான் உண்மையாகவே தோற்றுவிட்டேன்."

கூட்டம் எழுந்து நின்று தட்டியது.

மருதப்பன் தொண்டையைக் கனைத்தார். தன் தாளில் எழுதியிருந்ததை அடித்தார். "எத்தனையோ பட்டிமன்றம் பார்த்தவன் நான். வாதத்தால் வென்றவர்களைக் கண்டிருக்கிறேன். தோற்றேன் தோற்றேன் என்று சொல்லியே வென்ற ஒருவரை இன்றுதான் காண்கிறேன். 'பத்து ஆண்டுக் கணக்கும் தவறு' என்றாரே, அப்போது அவர் குரல் தழுதழுத்ததே, கவனித்தீர்களா? ஏன் தழுதழுத்தது? பொய்யைச் சொல்ல அந்த நா கூசியது! அதுவே சாட்சி. ஆகவே, அண்டம் என்றும் உள்ளது!"

மணியை அடித்துவிட்டார். பரமசிவம் ஒலிவாங்கிக்குப் பாய்ந்தார். "நான் நிஜமாத்தான்..." என்பதற்குள் வேலாயுதம் பின்னாலிருந்து பொன்னாடையைப் போர்த்திக் கட்டிப் பிடித்துக்கொண்டார். ஒலி முகம்மது நன்றியுரையைத் தொடங்கினார். அதில், பரமசிவத்தின் ஆய்வைத் தமிழில் நூலாக்கி மன்றமே வெளியிடும் என்று ஓர் அறிவிப்பும் வந்தது. மாலை போட வரிசை நின்றது. முத்தாயி அம்மாளும் வரிசையில் நின்று போட்டார். கீழே விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சாதிப்பவர்கள் உண்டு. ஒட்டிய மண்ணைப் பரமசிவமே எடுத்துக் காட்டியும் பார்க்க ஒருவரும் தயாராக இல்லை.

சந்திரமதி வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அவர் மாலையோடு அவளிடம் போய் நின்றார்.

"சந்திரமதி, நான் உள்ளதைத்தான் சொன்னேன். உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும் சார். பேசாம உங்க கட்சியையே பேசியிருக்கலாம்."

"பொய்யாவா?"

"நீங்க பொய் பேசியிருந்தா நான் ஜெயிச்சிருப்பேன் சார்." அவள் குனிந்து ஒரு செருப்பை இழுத்தாள். "அந்தம்மா கையைத் திருப்பிப் பார்த்தாங்க, பார்த்தீங்களா? ஒரு நிமிஷம் அவங்க நம்பினாங்க. அவங்களேதான் இப்ப உங்களுக்கு மாலை போட்டாங்க. உங்க மேல கோபம் இல்ல சார்." செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கியவள் திரும்பிப் பார்த்தாள். "இல்ல, இருக்கு. நாளைக்குப் பார்க்கலாம்."

அவர் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தன் நேர்மையைப் பற்றி நேற்று சாயங்காலம் பட்ட பெருமையை நினைத்து வெட்கமாக இருந்தது.

காத்தோங் போகிற பஸ்ஸில் பாக்கியலட்சுமி ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டாள். மாலை அவர் மடியில் கிடந்தது. அவளுக்கு வாயெல்லாம் பல்.

"கடைசியில அழற மாதிரி பேசினீங்களே, முத்தாயி அக்கா கண்ணைத் தொடச்சுக்கிட்டாங்க. இத்தனை வருஷம் இந்தத் திறமையை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

"பாக்கியம், அது நிஜம். எல்லாம் தப்பாப்போச்சு."

அவள் சிரித்தாள். "போதும்ங்க. மேடையை விட்டு எறங்கியாச்சு. இங்க நான் ஒருத்திதான் இருக்கேன், யாருக்கு இந்த நடிப்பு?"

அவரால் முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட முடியவில்லை, ஜன்னல் அவள் பக்கம் இருந்தது. கண்ணீர் வழிந்து மாலையில் சொட்டியது. அவள் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"என்னங்க... நிஜமாவா?"

"நிஜம்."

"பத்து வருஷமுமா?"

"பத்து வருஷமும்."

அவள் அவர் கையைப் பற்றிக்கொண்டாள். அப்போது கண்டக்டர் வந்தார். நடுவயது மலாய்க்காரர். மாலையையும் பொன்னாடையையும் பார்த்துவிட்டு, கல்யாணமா என்று மலாயில் மலர்ச்சியோடு கேட்டார். பரமசிவம் வாயைத் திறக்கும் முன் பாக்கியலட்சுமியே அவருக்கு மலாயில் பதில் சொன்னாள்.

"இல்லை. இறந்துபோச்சு. பத்து வயசு."

கண்டக்டர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் இரண்டு சீட்டு கிழித்துக் கொடுத்தார்.